ஒரு காசித்தும்பைக்குப் பெயர் வைத்த கதை

"புதுசா ஒரு செடியக் கண்டுபிடிச்சீங்களாமே, பார்த்ததும் தெரிஞ்சிருச்சா?" இந்தக் கேள்வியைக் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள், வங்கி மேலாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது. பார்த்ததும் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டது என்று சொல்பவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். காட்டிலிருந்து நாம் கொண்டுவருவது ஒரு சந்தேகம் மட்டும்தான். அந்தச் சந்தேகத்தைக் கொல்லப் பல வழிகளில் முயற்சி செய்து, எதிலும் அது சாகவில்லை என்றால்தான் புது இனம் என்று வாயைத் திறக்கலாம். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால், நாங்கள் ஒரு செடியோடு பட்ட பாட்டை வைத்தே எழுதுகிறேன். செடியின் பெயரையும் இடத்தையும் சொல்லப்போவதில்லை, காரணம் பிறகு வரும்.

எங்கள் வேலை அகத்தியமலைப் பக்கம், தமிழ்நாடும் கேரளமும் முட்டிக்கொள்ளும் ஈரக் காடுகளில். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அங்கே பாறைகள் எல்லாம் நீர் வடிந்துகொண்டே இருக்கும், அதன் மேல் பாசி, அந்தப் பாசியில் காசித்தும்பைகள். வீட்டு வாசலில் வளர்ப்போமே, நிமிர்ந்த தண்டும் கணுவுக்குக் கணு பூவுமாக, அந்த மாதிரி இல்லை. இவற்றுக்குத் தண்டே கிடையாது. பாசிக்குள் ஒரு குட்டிக் கிழங்கு, அதிலிருந்து நேராக இலைகள், நடுவில் ஒரே ஒரு காம்பு எழும்பி உச்சியில் பூக்கள், அவ்வளவுதான். மழை ஓய்ந்ததும் மேலே இருப்பது எல்லாம் காய்ந்து போய்விடும், கிழங்கு மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஜனவரியில் போய் அந்தப் பாறையைப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருந்ததாகத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காசித்தும்பைப் பேரினத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அதில் பெரும்பகுதி உலகில் வேறெங்கும் கிடையாது. ஆகவே "இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே" என்று தோன்றுவது அங்கே தினசரி நடக்கிற விஷயம்.

எங்களுக்கு அந்தத் தோன்றல் முதலில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட வந்த, காணிக்காரர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவருக்குத்தான் வந்தது. ஏற்கெனவே எடுத்த இனம்தானே என்று நாங்கள் தாண்டிப் போகப் பார்த்தபோது அவர் நின்றுவிட்டார்.

"இத எடுக்கலையா தம்பி?"

"முந்தியே எடுத்தாச்சே அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணுதானே?"

"எங்க ஒண்ணு? அது ஆடி மழையிலயே பூத்து ஓஞ்சிரும். இது அது ஓஞ்ச பெறவுதான் தலையத் தூக்கும். அது தண்ணி ஓடுற பாறையில நிக்கும், இது சொட்டுற பாறையிலதான் நிக்கும்."

இரண்டே வரியில் பூக்கும் காலமும் வாழிடமும் வந்துவிட்டது. ஒரு வருடம் முழுக்க அங்கேயே இருந்தால்தான் நாமாகத் தெரிந்துகொள்ள முடிகிற தகவல் அது. அதனால் முதல் பாடம்: காட்டுக்குள் கூட வருபவரிடம் "இதுக்கு என்ன பெயர்" என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது பூக்கும், எங்கே நிற்கும், எதோடு சேர்ந்து நிற்கும், முன்னே இருந்ததா, இப்போது குறைந்ததா என்று கேளுங்கள். கேட்டதை அவர் சொன்னது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள், கட்டுரையின் நன்றிப் பகுதியில் மட்டும் ஒரு வரி போட்டுக் கடமையை முடித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பூவைக் கையில் எடுத்துக் கைலென்ஸில் பார்த்தோம். காசித்தும்பைப் பூவைப் பிரித்துப் பார்க்காதவர்கள் ஒரு தடவை வாசலில் இருப்பதையாவது பிரித்துப் பாருங்கள். பூக்காம்பு முறுக்கிக்கொள்வதால் பூவே தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. புல்லிகளில் இரண்டு பக்கவாட்டில் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது குழிந்து, பின்பக்கம் வாலாக நீண்டு, அந்த வாலுக்குள் தேன். இதழ்கள் ஐந்து என்று கணக்கு, ஆனால் எண்ணினால் மூன்றுதான் வரும், ஏனென்றால் மேலிதழ் ஒன்றைத் தவிர மற்ற நான்கும் இரண்டிரண்டாக ஒட்டி இரண்டு இறகுகளாகி இருக்கும். மகரந்தத் தாள்கள் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து சூற்பையின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், அந்தத் தொப்பி கழன்று விழுந்த பிறகே பெண் பகுதி வெளியே வரும். இந்தக் குழுவில் இனங்களைப் பிரிப்பது இந்த இறகிதழின் மடல் வெட்டும், வாலின் நீளமும் வளைவும், எங்கே மயிர் இருக்கிறது எங்கே இல்லை என்பதும்தான். எங்கள் கையில் இருந்த பூவில் இறகிதழின் அடிமடலும் வாலும் இரண்டுமே சரியாக ஒத்துப்போகவில்லை. சந்தேகம் அப்போதுதான் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

காசித்தும்பையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இதழ்கள் அவ்வளவு மெல்லியவை, அழுத்திக் காய வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பாக ஒரு பிசுக்காகிவிடும். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரிக்க உட்கார்ந்தால் பாதி நேரம் கிழிந்து வரும். இங்கிலாந்தின் கியூ தோட்டத்தை நடத்திய ஜோசப் டால்டன் ஹூக்கர், பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் 7 தொகுதிகளில் தாவர நூல் எழுதி முடித்த மனிதர், கடைசிக் காலத்தில் மல்லுக்கட்டியது இந்தக் காசித்தும்பைகளோடுதான். 1911இல் 94 வயதில் இறக்கும் வரை அந்த வேலை அவரை விடவில்லை. அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் காட்டிலேயே வேலையைச் சரியாகச் செய்துவிடுவது நல்லது.

அதனால் நாங்கள் செய்தது: சில செடிகளை வேரும் கிழங்குமாக அப்படியே நாளிதழுக்குள் வைத்தோம். சில பூக்களை அங்கேயே பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக டிஷ்யூ தாளில் பரப்பி அழுத்தினோம். சில பூக்கள் 70 சதவீத ஸ்பிரிட் உள்ள குப்பிக்குள் போயின, வடிவம் கெடாமல் இருப்பது அதில்தான். ஒரு இலையைக் கிழித்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் போட்டோம், டிஎன்ஏ பார்க்க. பிரித்த உறுப்புகளைக் கறுப்புத் துணியில் அளவுகோலோடு வைத்துப் படம் எடுத்தோம். அப்புறம் நிறம். நிறத்தை எழுதாமல் விட்டால் அது போயே போய்விடும், உலர்ந்த மாதிரியில் வெள்ளையும் பழுப்பு, ரோஸும் பழுப்பு. வாசனை உண்டா, உடைத்தால் பால் வருகிறதா, செடி பாறையில் நிற்கிறதா மரத்தில் தொற்றி இருக்கிறதா, வெயில் படும் இடமா, இவை எதையுமே பத்து வருடம் கழித்து, உலர்ந்த செடியை ஒட்டிவைத்த தாளைப் பார்ப்பவர் தாளிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

மழைக்காலத்தில் செடியை உலர்த்துவது தனித் தலைவலி. நாளிதழை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்று பாடநூலில் எழுதியிருக்கும், மாற்றப் போடும் நாளிதழே நமுத்துப் போயிருக்கும் முகாமில் அது நடக்காது. பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்த வழிதான் உதவும்: நாளிதழில் வைத்த மாதிரிகளைக் கட்டாகக் கட்டி, தடிமனான பாலிதீன் உறைக்குள் வைத்து, ஸ்பிரிட்டை ஊற்றி, காற்று போகாமல் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ஊருக்கு வந்து நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். நிறம் போய்விடும், ஆனால் பூஞ்சை பிடிக்காது, இலை உதிராது. காசித்தும்பை போலச் சதைப்பற்றுள்ள செடிகளுக்கு இது இன்னும் முக்கியம், அவை செடியை அழுத்தி வைக்கும் பிரஸ்ஸுக்குள்ளேயே பல நாள் உயிரோடு இருந்து, பிறகு அழுகி, கடைசியில் வெறும் கறையாக மிஞ்சும்.

அட்டைக் கடிக்குப் புகையிலைத் தூள் போதும், அதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

ஆனால் சேகரிப்பு எண்ணைப் பற்றி நிறையவே எழுத வேண்டும். ஒருவர் தன் முதல் செடிக்கு 1 என்று போட்டால், சாகும்வரை அந்த வரிசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு வரிசை, இடத்துக்கு ஒரு வரிசை என்று ஆரம்பித்தால் பின்னால் குழப்பம்தான். தாள், ஸ்பிரிட் குப்பி, சிலிக்கா பொட்டலம், படக் கோப்பு எல்லாவற்றுக்கும் அதே எண். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே இனமாக எடுத்ததற்கு மட்டுமே ஒரே எண். இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், செடி புது இனம் என்று ஆகிவிட்டால் அந்தக் கட்டிலிருந்து ஒரு தாள் வகைமாதிரி ஆகிறது. ஹோலோடைப் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் இனி எந்தச் செடியைக் குறிக்கிறது என்று உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசித் தீர்ப்பு அந்த ஒரு தாள்தான், நம் கட்டுரையில் நாம் எழுதிய வர்ணனை கூட இல்லை. அதே சேகரிப்பின் மற்றத் தாள்கள் ஐசோடைப். அவற்றை வேறு வேறு ஊர் ஹெர்பேரியங்களுக்கு, அதாவது உலர்ந்த செடித் தாள்களைப் பாதுகாத்து வைக்கும் இடங்களுக்கு, பிரித்து அனுப்புவது தர்மத்துக்காக இல்லை. 1943 மார்ச்சில் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தபோது எத்தனையோ வெப்பமண்டலச் செடிகளின் வகைமாதிரிகள் அங்கேயே சாம்பலாயின. வேறு ஊரில் நகல் தாள் இருந்தவையும், அதற்கு முன் யாரோ எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தவையும்தான் தப்பின.

இனி பீரோ வேலை. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, அங்கே இருப்பதுதான் மெட்ராஸ் ஹெர்பேரியம். தென்னிந்தியச் செடி எதையாவது புது இனம் என்று நினைப்பவர் அங்கே உட்காராமல் எழுதினால் அந்தக் கட்டுரையை நம்பவே வேண்டாம் என்பது என் கட்சி. திருச்சியில் ரேபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு, கேரளத்தில் பாலோடு தோட்டம் என்று மற்றவையும் இருக்கின்றன, போகத்தான் வேண்டும். போகும்போது ஒன்று: பழைய தாள்களில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாதரசக் குளோரைடு பூசியிருப்பார்கள், அது நல்ல விஷம். கையுறை போடுங்கள், தாளைத் தொட்ட கையோடு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கேம்பிள் எழுதிய மெட்ராஸ் மாகாணத் தாவர நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, இனத்தை அடையாளம் காண அதில் உள்ள கேள்விப் பட்டியல் வழியாக இறங்கினால் எங்கள் செடி ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கமும் பொருந்தவில்லை, அந்தப் பக்கமும் பொருந்தவில்லை. பலர் இந்த இடத்திலேயே துள்ளிவிடுவார்கள். கேம்பிளின் நூல் 1915இல் வரத் தொடங்கி, அவர் இறந்த பிறகு ஃபிஷர் தொடர்ந்து, 1936இல் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இனங்கள் அதில் எப்படி இருக்கும்? அவையெல்லாம் எத்தனையோ ஆய்விதழ்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முதல் வர்ணனையையும் தேடிப் படிக்க வேண்டும். அதோடு முடியாது, நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ வைத்த பெயர் ஒன்று, பின்னால் இன்னொருவர் "இதுவும் அதுவும் ஒன்றே" என்று தள்ளுபடி செய்தது, ஒருவேளை உங்கள் செடிக்கே உரியதாக இருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் புதுப்பெயர் வைக்க முடியாது, அந்தப் பழைய பெயரைத் தூசு தட்டி எடுக்க வேண்டும். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் 1753 மே 1ஆம் தேதி நூலிலிருந்து இன்று வரை வந்த பெயர்கள் அத்தனைக்கும் முன்னுரிமை உண்டு. செடிக்குத் தள்ளுபடியான பெயர்கள் என்று ஒரு நீளப் பட்டியல் இருக்கும், அதைப் படிக்காமல் தாண்டுவதுதான் இந்த வேலையில் ஆகப்பெரிய ஆபத்து.

அப்படித்தான் அதே பயணத்தில் எடுத்த இன்னொரு சந்தேகம் செத்தது. அதுவும் ஒரு காசித்தும்பை, எங்களுக்குப் புதிதாகத்தான் தெரிந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த பெடோம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயரிட்ட ஒன்றின் வகைமாதிரிப் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது கதை முடிந்தது, மயிர் முதற்கொண்டு அதேதான். ஆனால் வெகுகாலமாக யாரும் திரும்ப எடுக்காத செடி அது. புது இனம் போனது, மறுகண்டுபிடிப்பு வந்தது, அதற்கும் ஒரு சின்னக் கட்டுரை எழுதலாம். இப்போது உலகத்தின் பெரிய ஹெர்பேரியங்கள் வகைமாதிரிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம், முன்பெல்லாம் இதற்காகவே லண்டன் வரை போக வேண்டியிருந்தது அல்லது போகாமலே எழுதினார்கள். படத்தில் மயிரும் அளவும் தெரியும், ஒட்டிப்போன இதழுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தேவைப்பட்டால் அங்கே இருக்கும் காப்பாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

முதல் சந்தேகம் மட்டும் சாகவில்லை. அதைவிட, கடைசி உறையில் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. ஒவ்வொரு பேரினத்தின் அடுக்கிலும் கடைசியாக, பெயர் கண்டறியப்படாதவை என்று ஒரு உறை இருக்கும். யாரும் தொடாத உறை. அதில் எங்கள் செடி இருந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன்னால் யாரோ எடுத்தது, பூ முழுக்கப் பிசுக்கு, ஆனால் இலையும் கிழங்கும் காயும் அச்சு அசல். லேபிளில் மலையின் பெயர் மட்டும் இருந்தது. ஆக, அதை முதலில் பார்த்தவர்கள் நாங்கள் இல்லை, முதலில் சேகரித்தவர்களும் இல்லை. இது ஒன்றும் அபூர்வம் கிடையாது. 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, புதிதாக விவரிக்கப்பட்ட இனங்களில் 16 சதவீதம் மட்டுமே முதலில் சேகரித்து ஐந்து வருடத்துக்குள் பெயர் பெற்றவை என்றும், ஏறத்தாழ கால்வாசியில் ஐம்பது வருடத்துக்கும் பழைய மாதிரிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்றும் காட்டியது. கியூ ஹெர்பேரியத்தில் 177 வருடம் கிடந்த ராட்சத அல்லி ஒன்று 2022இல்தான் விக்டோரியா பொலிவியானா என்று பெயர் பெற்றது, அதன் இலை மூன்று மீட்டர் அகலம், அதையே இவ்வளவு நாள் வேறொன்று என்று நினைத்திருந்தார்கள். ஆகவே காட்டுக்குப் போக அனுமதியோ பணமோ இல்லாத மாணவர்கள் வருத்தப்பட வேண்டாம். அந்தக் கடைசி உறைகளைத் திறந்து உட்காருங்கள். பெயர் எழுதிய உறைகளையும் முழுதாக நம்ப வேண்டாம், வெப்பமண்டல மாதிரிகளில் பாதிக்கும் மேல் தவறான பெயரோடு இருக்கலாம் என்று 2015இல் ஒரு கணிப்பு வந்தது. நான் பார்த்த அளவில் அது மிகையாகத் தோன்றவில்லை.

பிறகு திரும்பக் காட்டுக்கு, அடுத்த மழைக்கு. ஏனென்றால் ஒரு பாறையில் நாலு செடியைப் பார்த்துவிட்டுப் புது இனம் என்று எழுதினால் அது நாலு செடியின் வர்ணனை, இனத்தின் வர்ணனை இல்லை. நிழலில் நின்றால் இலை பெரிதாகும், நீர் குறைந்தால் பூ சிறுக்கும், வாலின் நீளம் ஒரே காம்பில் முதல் பூவுக்கும் கடைசிப் பூவுக்குமே மாறும். இன்னும் இரண்டு மூன்று இடங்களில் தேடி, கிடைத்த செடிகளை எல்லாம் அளந்து, நெருங்கிய உறவு இனத்தையும் அதே மாதிரி அளந்து, இரண்டு அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "இலை சற்றுப் பெரிது, பூ சற்று வெளிறியது" என்ற அடிப்படையில் வரும் புது இனங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று குணங்களாவது இடைவெளி விட்டுப் பிரிய வேண்டும், அந்த இரண்டும் அருகருகே வளரும் இடத்திலும் பிரிந்தே நிற்க வேண்டும். எங்கள் விஷயத்தில் பெரியவர் சொன்ன பூக்கும் காலம் அங்கேதான் கைகொடுத்தது. ஒரே ஓடையில் இரண்டும் இருந்தன, ஒன்று காய் வெடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது மொட்டு விட்டிருந்தது.

இந்த விஷயத்தில் குறிஞ்சிக் கூட்டத்தோடு வேலை செய்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை, 2006இல் பூத்தது, பிறகு 2018இல். அதன் உறவினர்கள் பலவும் இப்படி வருடக்கணக்கில் காக்க வைப்பவை. பூவில்லாமல் ஒரு புதுக் குறிஞ்சியைச் சந்தேகப்பட்டால் ஆய்வு உதவித்தொகை முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, அப்புறம்தான் பூ வரும்.

டிஎன்ஏ பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். பார்த்தோம், உதவியது, அவ்வளவுதான். விலங்குகளுக்கு உள்ளது போல ஒரே துண்டை வைத்து இனத்தைச் சொல்வது செடிகளில் நடப்பதில்லை. தாவரங்களுக்கென்று 2009இல் இரண்டு துண்டுகளைப் பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள், அவை பேரினம் வரை நன்றாகக் கொண்டுபோய் விடும், நெருங்கிய உறவுகளுக்குள் பல சமயம் கைவிரித்துவிடும். ஒப்பிட உறவு இனங்களின் டிஎன்ஏ வரிசை தரவகத்தில் சரியான பெயரில் இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பெயர் வைப்பதுதான் எல்லோருக்கும் பிடித்த பகுதி. 1935 முதல் 2011 வரை லத்தீனில் வர்ணனை எழுதினால்தான் பெயர் செல்லும். 2012 ஜனவரி முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம், மின்னிதழில் மட்டும் வெளிவந்தாலும் போதும் என்று விதி தளர்ந்தது. ஆனால் பெயர் மட்டும் லத்தீன் இலக்கணப்படிதான், பேரினத்தின் பாலுக்கு ஏற்ப விகுதி மாற வேண்டும். ஆண் பெயருக்கும் பெண் பெயருக்கும் விகுதி வேறு, இதில் சறுக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. நிறுவனத் தலைவர் பெயரை வைப்பது நம் ஊரில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், செடி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே நிற்கும். நாங்கள் இலைக் குணம் ஒன்றை வைத்துப் பெயரிட்டோம், சுவாரஸ்யம் இல்லைதான், பார்ப்பவருக்கு உதவும்.

கோட்டோவியம் கட்டாயம் வேண்டும். படம் எடுப்பது தெரியும், பிறகு எதற்கு ஓவியம் என்று கேட்பவர்கள் ஒரு காசித்தும்பையின் சூற்பை மேல் உள்ள மயிரைப் படத்தில் காட்டிப் பார்க்கட்டும். ராபர்ட் வைட் தென்னிந்தியச் செடிகளை ஆயிரக்கணக்கான படங்களோடு வெளியிட்டாரே, அவற்றுக்குப் பின்னால் இருந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரில் வைட் ஒரு ஆர்க்கிட் பேரினமே வைத்தார். இன்று அது வேறொரு பேரினத்துக்குள் கரைந்துவிட்டது, விதி அப்படி. வரைபவருக்குக் காசு கொடுங்கள், ஆசிரியர் பட்டியலில் இடமும் கொடுங்கள்.

அனுமதி விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், செய்யும்போது அதுதான் முதல். காப்புக் காட்டில் ஒரு இலையைக் கிள்ளவும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் கேள்விகள் இன்னும் கூடும். பூ பூக்கும் மாதத்துக்கு வெகு முன்னாலேயே விண்ணப்பியுங்கள், கடிதம் வருவதற்குள் பூ முடிந்துவிடுவது சகஜம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனம் என்று கண்டால் அதன் மாதிரியைக் குறிப்பிட்ட களஞ்சிய நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும், அது நம் விருப்பம் அல்ல. அதே 2002இல் பெரு நாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்க்கிட்டை அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அவசர அவசரமாகப் பெயரிட்ட விவகாரம் நீதிமன்றம் வரை போனது, பெயர் நிலைத்தது, சம்பந்தப்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

பெயரையும் இடத்தையும் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் ஆர்க்கிட்தான் பதில். வியட்நாமில் 1999இல் பெயரிடப்பட்ட ஒரு பாபியோபெடிலத்தை வணிகர்கள் சில வருடங்களுக்குள் காட்டிலிருந்து ஏறக்குறைய துடைத்து எடுத்துவிட்டார்கள். காசித்தும்பைக்கு அந்தச் சந்தை இல்லை என்றாலும், எங்கள் பாறை ஒன்று பாதைக்கு மிக அருகில் இருக்கிறது, படம் எடுக்க வருபவர்கள் பாசியில் கால் வைத்தாலே போதும். அதனால் கட்டுரையில் துல்லியமான ஆயத்தொலைவுகளை விட்டுவிட்டு, ஹெர்பேரியத்துக்கும் வனத்துறைக்கும் மட்டும் கொடுத்தோம்.

கட்டுரையை அனுப்பியபோது மதிப்பாய்வாளர் ஒருவர் நாங்கள் எழுதிய அழிவு நிலையில் கைவைத்தார், சரியாகவே. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் முறையில் 2க்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாக எண்ணுவார்கள், ஒரே இடத்தில் கிடைத்த செடிக்குப் பரப்பு 4 சதுர கிலோமீட்டர்தான் வரும். மிக அருகிவிட்ட இனம் என்பதற்கான வரம்பு 10. ஆகவே ஒரே இடத்தில் கண்ட எந்தச் செடியும் தன்னால் அந்த எல்லைக்குள் விழுந்துவிடும். ஆனால் பரப்பு மட்டும் போதாது, சரிவு நடக்கிறது என்பதற்கும் சான்று வேண்டும். தேடியது போதவில்லை என்றால் தரவு போதாது என்ற பிரிவில் போடுவதே நேர்மை. நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, "அழிவின் விளிம்பில்" என்று தலைப்பு வைக்க முடியாதே.

இதைப் படிப்பவர்களில் மலை ஏறுபவர்கள் இருப்பீர்கள், மழைக்காலத்தில் பாறையில் ஏதாவது பூத்திருந்தால் படம் எடுப்பீர்கள். பறிக்காதீர்கள். பூவை நேராக ஒன்று, பக்கவாட்டில் வால் தெரிய ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, மொத்தச் செடி ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம். தேதி முக்கியம். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரி இணையதளங்களில் போடும்போது அரிய செடி மாதிரித் தெரிந்தால் இடத்தை மறைத்துப் போடுங்கள், ஆனால் உங்கள் குறிப்பில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது உட்பட. இரண்டு மாநிலத்துக்கும் அனுமதிக் கடிதம் வேறு வேறு.